கரையில் ஈரம்: பள்ளத்து மண் அணை ஒன்றைப் பற்றிய கேள்விக்கு

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையில், மழைநீர் ஓடும் ஒரு பள்ளத்தின் குறுக்கே நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தைத் தடுப்பதற்கென்றே கட்டப்பட்ட 24 அடி உயர மண் அணைக்குக் கீழே உங்கள் ஊர் இருக்கிறது. ஏழு ஆண்டுகள் வறண்டு கிடந்த அந்த அணை இந்த ஐப்பசி மழையில் ஒரே வாரத்தில் நிரம்பிவிட்டது என்றும், கரையின் வெளிச்சரிவில் மதகுக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கட்டில் அகலத்துக்கு ஈரம் தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிணறுகளில் ஊறட்டும் என்று சென்ற ஆண்டு ஊர்க்காரர்கள் மதகை மணல் மூட்டைகளால் அடைத்துக் கலிங்கின், அதாவது நிரம்பிய நீர் தானே வழிந்தோடும் வாயின், மேல் ஒன்றரை அடிக்குச் செங்கல் சுவர் வைத்ததையும், இப்போது நீர் அந்தச் சுவரின் பாதியில் நிற்பதையும் இடையில் ஒரே வரியில் சொல்லிச் சென்றிருக்கிறீர்கள். ஈரத்தின் மேல் களிமண் பூசலாமா, கரையிலுள்ள சீமைக் கருவேலத்தை வெட்டலாமா, கலிங்கில் ஷட்டர் வைத்தால் பாதுகாப்பு கூடுமா என்பவை உங்கள் கேள்விகள்.

மண் அணையில் நீர் கசிவது குறையாகாது. கசியாத மண் அணையே கிடையாது. கசிவு எந்த இடத்தில் வெளிப்படுகிறது, தெளிந்து வருகிறதா கலங்கி வருகிறதா, அணையின் நீர்மட்டம் மாறாமல் நிற்கும்போதும் அது கூடிக்கொண்டு போகிறதா என்பவற்றை வைத்தே அது ஆபத்தா இல்லையா என்று சொல்ல முடியும். நீங்கள் எழுதியவற்றில் இரண்டு செய்திகள் என்னைக் கவலைகொள்ளச் செய்கின்றன. ஈரம் குழாயை ஒட்டியிருப்பது ஒன்று; கலிங்கின் மேலுள்ள சுவர் மற்றொன்று. இவற்றுள் சுவரே பெரிய கவலை, ஊரில் ஒருவரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை என்பது உங்கள் எழுத்திலேயே தெரிவதால்.

ஆகையால் சுவரிலிருந்தே தொடங்குகிறேன். வெள்ளத் தடுப்பு அணை பெரும்பாலான நாட்கள் காலியாகக் கிடப்பதற்காகவே கட்டப்படுகிறது. பள்ளத்தில் திடீரென்று இறங்கும் நீரை ஓரிரவு தேக்கி, அடைப்பில்லாத மதகு வழியே இரண்டு மூன்று நாட்களில் மெதுவாகக் கீழே விடுவதே அதன் வேலை. ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் தண்ணீர் கிடைக்காத ஊரில் வெறும் அணையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கடினம் என்பது எனக்குத் தெரியாததன்று. ஆயினும் மதகை அடைத்த அன்றே அது வெள்ளத் தடுப்பு அணையாக இருப்பதை விட்டுவிட்டது. உங்கள் அணைக்கு நீர் வந்து சேரும் பரப்பு ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர், கொள்ளளவு 8 மில்லியன் கன அடி என்கிறீர்கள். கொங்கு மழைமறைவு நாடுதான், ஆண்டு முழுவதும் 600, 700 மில்லிமீட்டர் பெய்தால் நல்ல மழை என்போம். அந்த மழையில் 100 மில்லிமீட்டர் ஒரே இரவில் கொட்டித் தீர்ப்பதும் இங்கே நடப்பதுதான். அப்படிக் கொட்டியதில் பாதி மட்டுமே ஓடி வந்தாலும் 5 லட்சம் கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 17.5 மில்லியன் கன அடி நீர் உங்கள் அணையை நோக்கி வரும். அணை காலியாக இருந்தால் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானதைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே நிரம்பியிருந்தால் வருவது அத்தனையும் கலிங்கு வழியேதான் வெளியேற வேண்டும்.

கலிங்கு எவ்வளவு நீரை விடும் என்பது அதன் நீளத்தைவிட அதன் மேல் நீர் எவ்வளவு உயரம் ஏறி ஓடுகிறது என்பதைப் பெரிதும் சார்ந்தது. அந்த உயரத்தின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்பப் போக்கு கூடும் என்பது பழைய சூத்திரம்; அதாவது உயரம் இரட்டித்தால் போக்கு ஏறத்தாழ மூன்று மடங்காகும். உங்கள் கலிங்கு 100 அடி நீளம், கரையின் தலை, அதாவது உச்சி, அதற்கு மேல் 5 அடி. அலை அடிப்பதற்கு ஒன்றரை அடியை ஒதுக்கினால் நீர் ஏறுவதற்கு மூன்றரை அடி கிடைக்கிறது, அந்த உயரத்தில் கலிங்கு விநாடிக்கு ஏறத்தாழ 2,000 கன அடியை விடும். ஒன்றரை அடிச் சுவர் எழுப்பிய பின் எஞ்சுவது இரண்டு அடி. அப்போது போவது 900 கன அடிக்கும் குறைவு. செங்கல்லும் சிமெண்டும் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாயில், அணையின் தற்காப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. சுவர் கட்டியவர்கள் ஒன்றரை அடி நீர் கூடுதலாக நிற்கும் என்று மட்டுமே எண்ணியிருப்பார்கள்.

நாற்பது ஆண்டுகளாகக் கரைமேல் ஒரு முறைகூட வழியவில்லை என்ற வாதம் கட்டாயம் எழும். சிறு அணை என்று வகுக்கப்பட்டவற்றுக்கு 100 ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடிய வெள்ளத்தைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது ஐஎஸ் 11223 என்னும் இந்தியத் தர விதி. உங்களுடையது அந்த வகையின் கீழ் எல்லைக்கும் கீழே இருக்கும் அணை. நூறாண்டு வெள்ளம் என்றால் நூறாண்டு காத்திருந்து வரும் வெள்ளம் என்று பொருளில்லை. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றால், நாற்பது ஆண்டுகளில் அது ஒரு முறையேனும் வந்திருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு. இதுவரை வராதது உங்கள் நல்லூழ். கரைமேல் நீர் வழியத் தொடங்கினால் புல் நன்றாகப் படர்ந்த கரை சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும், வெறும் மண் கரை தாங்காது. உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு, உடைந்த பழைய அணைகளின் அளவுகளிலிருந்து பெற்ற சூத்திரம் ஒன்று உண்டு. உங்கள் அணையின் உயரத்தையும் கொள்ளளவையும் அதில் இட்டுப் பார்த்தேன். உச்சப் போக்கு விநாடிக்கு 9,000 கன அடிக்கு அருகில் வருகிறது. கலிங்கு முழு வேகத்தில் ஓடிய நாளில் பள்ளத்தில் எவ்வளவு உயரத்துக்கு நீர் வந்தது என்று ஊரில் மூத்தவர்களைக் கேளுங்கள், அதைப்போல் நான்கு ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஷட்டர் பற்றிய கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். வேண்டாம். அமராவதியில் வந்து கலக்கும் குடகனாற்றின் மேல், வேடசந்தூர்ப் பக்கம் கட்டிய மண் அணை 1977-இல் உடைந்தது. வெள்ளம் வந்தபோது மின்சாரம் நின்றுபோனதால் ஷட்டர்களை ஓரளவுக்கு மேல் தூக்க முடியவில்லை. ஜெனரேட்டரும் கைகொடுக்கவில்லை, ஆட்களே சுழற்றித் தூக்க முயன்றும் நீர் கரைமேல் ஏறிப் பல இடங்களில் அறுத்துக்கொண்டு போனது. 2021 நவம்பரில் ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில் செய்யேறு ஆற்றின் மேலுள்ள அன்னமய்யா அணை உடைந்தபோதும் அதன் ஐந்து மதகுகளில் ஒன்று இயங்காமல் இருந்தது. ஆள் வேண்டாம், சாவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், நள்ளிரவிலும் தானே வழியும் என்பதுதான் திறந்த கலிங்கின் சிறப்பு. காவலர்கூட இல்லாத ஒரு சிறு அணையில் அதை ஷட்டரிடம் ஒப்படைப்பது அறிவுடைமையாகாது.

இனி ஈரம். ஏழு ஆண்டுகள் காய்ந்த அணை ஏழு ஆண்டுகள் ஓய்வெடுத்த அணை என்று எண்ணிவிடாதீர்கள். கரிசல் கலந்த மண் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வெடிப்பு மேலே விரல் அகலத்தில் தெரிந்தாலும் உள்ளே ஆளுயரம் இறங்கியிருக்கக்கூடும். உலகில் உள் அரிப்பால் உடைந்த மண் அணைகளில் பெரும்பகுதி முதல் முறை நிரம்பியபோதோ அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள்ளோ உடைந்தவை, ஏனென்றால் மண்ணுக்குள் இருந்த பலவீனத்தை நீர் முதன்முதலில் அப்போதுதான் தேடிக் கண்டுபிடிக்கிறது. நீண்ட வறட்சிக்குப் பின் ஒரே வாரத்தில் நிரம்பும் அணையை நான் மீண்டும் முதல் முறை நிரம்பும் அணையாகவே கருதுவேன். ஆண்டுதோறும் நிரம்பும் தஞ்சைப் பக்கத்து ஏரிக்கரைக்கு இல்லாத இந்தத் தொல்லை, பத்து ஆண்டுக்கு ஒரு முறை நீரைக் காணும் நம் உப்பாறு, வட்டமலைக்கரை ஓடைப் பக்கத்து அணைகளுக்கும் குட்டைகளுக்கும் உண்டு.

குழாயை ஒட்டிய இடம் என்பது அடுத்த செய்தி. உள் அரிப்பால் உடைந்தவற்றில் ஏறத்தாழ பாதி, கரைக்குள் பதித்த குழாயை ஒட்டியோ அதன் சுற்றுச் சுவரை ஒட்டியோ தொடங்கியவை. காரணம் எளியது: கரை முழுவதும் உருளையிட்டு இறுக்கப்பட்டிருக்கும், குழாயின் அடிவயிற்றில் உருளை போகாது, கையால் குத்தி நிரப்பியிருப்பார்கள், அல்லது நிரப்பியதாகச் சொல்லியிருப்பார்கள். அந்த இளகிய மண் வழியே நீர் ஒரு நூல் போல ஓடத் தொடங்கி, வெளிவாயில் மணலை ஒவ்வொரு துகளாக எடுத்துக்கொண்டு உள்நோக்கிப் பின்வாங்கி, கடைசியில் நீர்ப்பக்கத்தைத் தொடும். தொட்ட பின் நாட்கணக்கு இல்லை, மணிக்கணக்குதான்.

ஆகையால் களிமண் பூசுவதோ சிமெண்ட் வைத்து அடைப்பதோ கூடாது. வெளியே அடைத்தால் நீர் உள்ளேயே அழுத்தம் கூட்டிப் பலவீனமான வேறிடத்தில் வெளிப்படும், அந்த இடம் உங்கள் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு: நீரைப் போக விட வேண்டும், மண்ணைப் போக விடக் கூடாது. ஈரத்தின் மேல் நல்ல ஆற்று மணலை ஓர் அடிக்குப் பரப்பி, அதன் மேல் சிறு ஜல்லி, அதன் மேல் பெரிய ஜல்லி என்று வடிகட்டி போலப் போட்டால் நீர் தெளிந்து வெளியேறும், துகள்கள் மணலில் நிற்கும். எம்-சாண்டில் மாவுத்தூள் கழுவப்படாமல் இருந்தால் அது இதற்கு உதவாது.

அதற்கு முன்பே, இன்றைக்கே தொடங்க வேண்டிய வேலை அளப்பது. ஈரத்தின் கீழ்ப்புறம் ஒரு சிறு வாய்க்கால் கீறி, ஓடி வரும் நீரை ஒரு குழாயில் சேர்த்து, ஒரு குடம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று காலையும் மாலையும் குறித்து வையுங்கள். அதே நேரத்து அணை நீர்மட்டத்தையும் எழுதுங்கள். வெள்ளைக் கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் அந்த நீரைப் பிடித்துத் தேதியிட்டு ஆடாமல் வைத்து, மறுநாள் அடியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். மட்டம் இறங்க இறங்கக் கசிவும் குறைந்தால் அது அடக்கமான கசிவு. மட்டம் அப்படியே இருக்கக் கசிவு கூடினாலும், பாட்டிலில் வண்டல் படிந்தாலும், கசிவு வாயைச் சுற்றி எறும்புப் புற்றைப் போல மணல் வளையம் எழுந்தாலும் நேரம் குறைவு என்று பொருள். மழை பெய்த நாளில் சரிவிலிருந்து வழியும் நீர் கணக்கைக் குழப்பும், அதை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

மண்ணையும் சோதிக்கலாம். நம் பகுதியில் களர் மண் திட்டுத் திட்டாக உண்டு. அதில் உள்ள சோடியம், களிமண் துகள்களை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள விடாது. கரையின் மண்ணில் சுண்டைக்காயளவு உருண்டை ஒன்றை எடுத்து, ஒரு தம்ளர் நீரில் மெல்ல வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். உருண்டை உதிர்ந்து குவிவது இயல்பு. உருண்டையிலிருந்து பால் போன்ற மேகம் கிளம்பி நீரில் பரவினால் அது தானாகவே கரையும் மண். இந்தச் சோதனையைப் போர்த் தண்ணீரில் செய்து ஏமாந்தவர்கள் பலர். உப்பு மிகுந்த நீரில் அதே மண் கரையாமல் நல்ல பிள்ளையாக அமர்ந்திருக்கும், உப்பில்லாத மழைநீர் வந்ததும்தான் தன் குணத்தைக் காட்டும். அதனால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள்.

நீர்மட்டத்தை இறக்க வேண்டும் என்பது என் முடிவு. எப்படி இறக்குவது என்பதில்தான் கவனம் வேண்டும். மதகை அடைத்துள்ள மூட்டைகளைப் பிடுங்க எவரையும் நீரில் இறக்காதீர்கள். பதினைந்து அடிக்கு மேல் நீர் அழுத்தும்போது ஒரு மூட்டை நகர்ந்தாலே இழுப்பு ஆளைக் குழாய் வாயில் ஒட்டிவிடும், நீச்சல் தெரிவது அங்கே உதவாது. கரையை வெட்டி நீரை விடலாம் என்று எவரேனும் ஜேசிபியோடு வந்தால் அவரைத் திருப்பி அனுப்புங்கள். வெட்டிய வாயை நீர் தானே அகலமாக்கிக்கொள்ளும், பின் எவராலும் மூட முடியாது. கலிங்குச் சுவரையும் நீர் அதன் மேல் சாய்ந்திருக்கும்போது உடைக்க வேண்டாம். எட்டு அங்குலக் குழாய்களைக் கரைமேல் போட்டுச் சைஃபன் வைப்பதே, அதாவது குழாயில் நீரை நிரப்பித் தாழ்ந்த பக்கத்துக்குத் தானே இழுத்து ஓட விடுவதே உசிதம், அந்த வித்தை நம் தோட்டக்காரர்களுக்குப் புதியதன்று. நான்கு குழாய் ஓடினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ முக்கால் அடி இறங்கும் என்று கணக்கிடுகிறேன். அதைவிட மிக விரைவாகவும் இறக்கக் கூடாது, ஏனென்றால் ஊறிய உட்சரிவுக்கு எதிரே நின்ற நீர் சட்டென்று விலகினால் சரிவு வழுக்கி இறங்கும். நாளொன்றுக்கு ஓர் அடி என்பது நான் கடைப்பிடித்த வரம்பு. குழாயின் வெளிவாய் கரையின் அடியைத் தாண்டிக் கற்கள் மேல் விழுமாறு இருக்கட்டும். நீர் சுவரின் அடிக்குக் கீழே போனதும் முதல் வேலையாகச் சுவரை எடுத்துவிடுங்கள்.

மரங்களை இப்போது தொடாதீர்கள். நீர் நிற்கும் கரையில் சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்குவது, ஊறிய சுவரிலிருந்து ஆப்பைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும். வெறுமனே வெட்டி அடியை விட்டுவிடுவதும் தவறு. வேர் உளுத்துச் சில ஆண்டுகளில் வெற்றுக் குழாயாகும். சித்திரை, வைகாசியில் அணை வறண்ட பின் வெட்டி, வேரைத் தோண்டி எடுத்து, குழியை அரையடி அரையடியாக ஈரமண் இட்டு இடித்து நிரப்ப வேண்டும். எலி வளை, நண்டு வளை, கரையான் புற்று ஆகியவற்றுக்கும் அதே முறை. 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் திவரே என்னும் சிறு மண் அணை இரவில் உடைந்து இருபது பேருக்கு மேல் பலியானபோது, நண்டுகள்தான் காரணம் என்று அமைச்சர் ஒருவர் சொல்லிக் கேலிக்கு ஆளானார். கசிவைப் பற்றி ஊரார் முன்கூட்டியே முறையிட்டிருந்ததால் அந்தக் கேலி நியாயமானது. நண்டு கரையைத் துளைக்கும் என்பதும் உண்மைதான். மரம் போன இடத்தில் அருகம்புல்லைப் பதியுங்கள். கொறங்காடு என்னும் நம் மேய்ச்சல் நிலங்களில் வளரும் கொழுக்கட்டைப் புல் வறட்சியைத் தாங்கும், ஆடுமாடுகளுக்கு நல்லது. குத்துக் குத்தாக வளர்ந்து இடையில் வெறும் மண்ணை விடுவதால் கரைச்சரிவுக்கு அது இரண்டாந்தரம்தான்.

வறண்ட நாட்களில் வண்டல் எடுக்கும் அனுமதியோடு வருபவர்கள் உட்புறம் கரையின் அடியை ஒட்டித் தோண்டுவதையும் கவனியுங்கள். அங்கே படிந்த வண்டலே நீர் அடிமண்ணுக்குள் புகுவதைத் தடுக்கும் பாய். கரையின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குள் கை வைக்க விடக் கூடாது என்பேன். டிராக்டர் கரையைக் கடக்கும் தடத்தில் தலை ஓர் அடி தேய்ந்திருந்தால், மேலே நான் போட்ட கணக்கில் அந்த ஓர் அடியும் போய்விடும். கொத்தனார் மட்டம் பார்க்கும் நீர்க் குழாயான டியூப் லெவலைக் கடன் வாங்கிக் கரையின் முழு நீளத்துக்கும் நூறடிக்கு ஒரு முறை மட்டம் பாருங்கள், ஒரு பகல் வேலைதான்.

சட்டத்தை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் நீளம், கொள்ளளவு முதலிய சில வரம்புகளைத் தொடுபவற்றுக்கும் பொருந்தும். மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு என்னும் கட்டாயம் அவற்றுக்கே. உங்கள் அணை ஏழரை மீட்டரைத் தொடவில்லை. எனவே அணை நீர்வளத் துறையுடையதா ஊராட்சி ஒன்றியத்துடையதா என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, பாட்டில், குடக் கணக்கு, மட்டக் கணக்கு, படங்கள் ஆகியவற்றோடு உரிய பொறியாளரிடம் நேரில் சென்று எழுத்தில் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளிலும் ஒரு படி கொடுத்து ஒப்புகை பெறுங்கள். கசிவு இருக்கிறது என்ற ஒரு வரி மனுவைவிட, நீர்மட்டம் மாறாதபோது குடம் நிரம்பும் நேரம் நாற்பது விநாடியிலிருந்து இருபத்தைந்தாகக் குறைந்தது என்று தேதியோடு எழுதிய மனுவுக்குப் பொறியாளர் அன்றே வண்டியெடுப்பார்.

கார்த்திகை முடியும் வரை இரவில் இருவர் மாறி மாறிக் கரையைப் பார்க்கட்டும். நடக்க வேண்டியது கரையின் தலைமேல் அன்று. வெளிச்சரிவின் அடியில், மதகு வாயிலிருந்து இரு பக்கமும் ஐம்பதடி. கசிவு கலங்கினால் யாருக்கு முதலில் அழைப்பது, பள்ளத்துப் புறம்போக்கில் புதிதாக வீடு கட்டியிருப்பவர்களை எந்த மேட்டுக்கு ஏற்றுவது, அங்கே நடக்க முடியாதவர்கள் எவர் என்பவற்றை இப்போதே பேசி வையுங்கள். அந்த நிலை வந்துவிட்டால் ஆட்களைக் கரையில் நிறுத்தி மூட்டை அடுக்குவதைவிட அந்த வீடுகளைக் காலி செய்வதே முதலில். முதல் ஒரு வாரத்துக் குடக் கணக்கையும், தம்ளரில் மண் என்ன செய்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். குழாயைச் சுற்றித் தோண்டி மீண்டும் இறுக்க வேண்டுமா, வடிகட்டி மட்டும் போதுமா என்பதை அதன் பிறகு சொல்கிறேன்.